ஓர் ஊசியின் வரலாறு

சில மாதங்களுக்கு முன் ஒரு போயா விடுமுறை நாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று உயிரியல் பயிலும் என் மகள், பல்லேகலயில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். முன் விறாந்தையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து ஏதோ ஒரு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று என்னை அழைத்தாள்.

"இங்கே வந்து பாருங்கப்பா. தாத்தாவுக்குப் போட்ட ஊசி மருந்து இதுதான். வந்து ஒட்டிக்கிட்டு நிற்கிற இடம் தெரியுதா?"

நூல்கண்டு ஒன்றைப் பிரித்துக் குழப்பி வைத்தாற்போன்ற வடிவம். அதன் நடுவில், வேறு நிறத்தில், ஒரு சிறு துணுக்கு. அந்தத் துணுக்கின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசின். நூல்கண்டின் பெயர் ரைபோசோம். நம் பாடசாலைப் புத்தகங்கள் இறைபோசோம் என எழுதும். நான் கலைப்பீடத்தில் படித்தவன். க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பிறகு விஞ்ஞானப் புத்தகம் எதையும் முறையாகத் தொட்டவனல்லன். ஆயினும் அந்தச் சிறு துணுக்கிலிருந்து என் கண்ணை எடுக்க முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

என் தந்தையார் தும்பறைப் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். எழுபதுகளின் நடுப்பகுதியில், எனக்கு ஆறேழு வயது இருக்கும்போது, அவருக்குக் காசநோய் கண்டது. அந்நாளில் அந்த நோயின் பெயரை வீட்டில் உரக்கச் சொல்லமாட்டார்கள். "நெஞ்சு வருத்தம்" என்பார்கள். நாள்தோறும் காலையில் அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று ஊசி போட்டுக்கொண்டு வருவார். இரண்டு மாதங்களுக்கு மேல் அது தொடர்ந்தது. நோய் குணமாகியது. அவர் அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தார். ஆனால் அந்த ஊசிகளுக்குப் பின்னர் அவருக்கு இருட்டில் நடக்கும்போது தள்ளாடும். காது மெல்ல மெல்ல மந்தமாகியது. நான் பத்திரிகையில் சேர்ந்த செய்தியை அவரிடம் மூன்று முறை உரத்துச் சொல்லவேண்டியிருந்தது. தோட்டத்தில் சிலர் அவரைச் செவிட்டுக் கணக்கப்பிள்ளை என்றே அழைத்தனர். அவர் அதைக் கேட்டதில்லை, அம்மா கேட்டார்.

இதில் எவருடைய பிழையும் இல்லை. அந்த ஊசி இல்லையேல் நான் சிறுவயதிலேயே தந்தையை இழந்திருப்பேன். ஆயினும் உயிரைத் தந்த மருந்து காதை ஏன் எடுத்துக்கொண்டது என்ற கேள்வி எனக்குள் நீண்டகாலம் இருந்து வந்தது. மகள் காட்டிய படம் அதற்கு விடையின் ஒரு பகுதி. அந்தப் படம் எவ்வாறு வந்தது என்று தேடத் தொடங்கியபோதுதான், அதன் வரலாறு சென்னை வழியாகவும், சிதம்பரம் வழியாகவும், நம் கண்டி ஹந்தானை மலை வழியாகவும் செல்வதைக் கண்டேன். அதனைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் எழுதிய ஒரு தலைப்பு

முதலில் ஒரு குற்ற ஒப்புதல். 2009 ஒக்டோபர் 7ஆம் திகதி, இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், தோமஸ் ஸ்ரைட்ஸ், அடா யோனத் ஆகிய மூவருக்கு, ரைபோசோமின் கட்டமைப்பையும் செயற்பாட்டையும் ஆராய்ந்தமைக்காக அது வழங்கப்பட்டது. அன்றிரவு செய்தி மேசையில் இருந்தவன் நான். இராமகிருஷ்ணன் 1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர் என்ற ஒரு வரி போதுமானதாக இருந்தது. "தமிழருக்கு நோபல்" என்று எட்டுப் பத்தி அகலத்தில் தலைப்பிட்டேன். ரைபோசோம் என்றால் என்ன என்பதற்கு இரண்டு வரிகள் ஒதுக்கினேன். அவையும் எனக்கே விளங்காதவை. அவர் சிதம்பரத்தில் பள்ளிக்கல்வி பெற்றதாக யாரோ சொன்னதையும் சரிபாராமல் சேர்த்துக்கொண்டேன்.

உண்மையில் அவர் மூன்று வயதிலேயே சிதம்பரத்தை விட்டுப் பெற்றோருடன் பரோடாவுக்குச் சென்றுவிட்டார். அங்கேயே படித்து 1971இல் பௌதிகவியலில் பட்டம் பெற்று, அமெரிக்கா சென்று ஒஹையோ பல்கலைக்கழகத்தில் 1976இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பரிசு அறிவிக்கப்பட்ட பின்னர், தமக்குப் பாடம் கற்பித்ததாகச் சிலர் உரிமை கோரியதையும், முன்பின் தெரியாதவர்களின் மின்னஞ்சல்கள் வந்து குவிந்ததையும் பற்றி அவர் சலிப்புடன் பேசியது செய்தியானது. ஒருவர் எங்கே பிறக்கிறார் என்பது ஒரு தற்செயல் என்ற கருத்தையும் அவர் தெரிவித்தார். அது பலருக்குக் கோபமூட்டியது. எனக்கு வெட்கமூட்டியது. ஆயினும் அந்தத் தவறான வரிக்கு நான் திருத்தம் போடவில்லை. அதற்கான திருத்தமாகவும் இக்கட்டுரையை வாசகர்கள் கொள்ளலாம்.

கலத்துக்குள் ஒரு தொழிற்சாலை

ஓர் உயிர்க்கலத்தின் மூலப்பிரதி டி.என்.ஏ. தோட்டத்துக் கந்தோரின் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பேரேடு போன்றது அது. பேரேட்டை வெளியே கொண்டுசெல்ல எவரும் அனுமதிக்கப்படுவதில்லை. வேண்டிய பக்கத்தை மட்டும் பிரதி எடுத்து அனுப்புவார்கள். அந்தப் பிரதியே ஆர்.என்.ஏ. பிரதியைப் படித்து, அதில் சொல்லியபடி அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் புரதமாக்குவது ரைபோசோம்.

இந்த ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு மூலக்கூற்று இயந்திரம் உண்டு. பேரேட்டை முழுமையாகப் படியெடுப்பது டி.என்.ஏ. பொலிமரேஸ். வேண்டிய பக்கத்தைப் படியெடுப்பது ஆர்.என்.ஏ. பொலிமரேஸ். முன்னதைக் கண்டறிந்த ஆதர் கோர்ன்பேர்க் 1959இல் நோபல் பரிசு பெற்றார். பின்னது உயர் உயிர்களில் எவ்வாறு இயங்குகிறது என்பதை அதன் கட்டமைப்பின் வழியே விளக்கிய அவரது மகன் ரொஜர் கோர்ன்பேர்க்கும் 2006இல் ஒரு நோபல் பரிசைப் பெற்றார்.

இவற்றுள் ரைபோசோமே மிகப் பெரியது. 1950களின் நடுவில் ஜோர்ஜ் பலாடே இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அவற்றைச் சிறு மணிகளாகக் கண்டார். பக்டீரியாவின் ரைபோசோம் ஒன்றில் ஐம்பதுக்கு மேற்பட்ட புரதங்களும் மூன்று ஆர்.என்.ஏ. இழைகளும் உள்ளன. அது இரண்டு துண்டுகளால் ஆனது. 30எஸ் எனப்படும் சிறு துண்டு பிரதியைப் படிக்கிறது. 50எஸ் எனப்படும் பெரிய துண்டு அமினோ அமிலங்களை இணைக்கிறது. ஒரு செக்கனுக்குப் பதினைந்து, இருபது அமினோ அமிலங்களை அது கோத்துவிடும்.

கொவிட் காலத்தில் நம்மில் பலர் மூன்றாம் தடுப்பூசியாகப் பைசர் ஊசியைப் பெற்றுக்கொண்டோம். அந்த ஊசியில் இருந்தது ஒரு பக்கத்தின் பிரதி மட்டுமே. அதைப் படித்து வைரசின் புரதத்தைச் செய்துகாட்டியவை நமது சொந்த ரைபோசோம்களே.

ஒரு மருந்து, இரண்டு பெயர்கள்

இனி அப்பாவின் ஊசிக்கு வருவோம். ஸ்ட்ரெப்டோமைசின் 1943 ஒக்டோபரில் அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில், றட்கேர்ஸ் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கண்டறியப்பட்டது. மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர் அல்பேர்ட் ஷாட்ஸ் என்ற இளம் ஆய்வு மாணவர். அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மன். மருந்து உலகப்புகழ் பெற்றதும் பெயரும் பணமும் பேராசிரியரையே சென்றடைந்தன. 1950இல் ஷாட்ஸ் வழக்குத் தொடுத்தார். அது சமரசத்தில் முடிந்து, ஷாட்ஸ் இணைக் கண்டுபிடிப்பாளர் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டார். ஆனால் 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே கிடைத்தது.

இந்த மருந்து உண்மையில் குணமாக்குகிறதா என்பதைப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஒரு பரிசோதனை மூலம் நிறுவி 1948இல் வெளியிட்டது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் ஓய்வு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்த அந்தப் பரிசோதனை, இன்றைய மருந்துப் பரிசோதனைகள் அனைத்துக்கும் முன்மாதிரியாக அமைந்தது.

அதே சபை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றோடு சேர்ந்து 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கியது. அதுவரை காசநோயாளியைச் சுகவாசதலத்தில் மாதக்கணக்கில் கிடத்தி, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தாக வேண்டும் என்பதே நம்பிக்கை. சென்னையின் வறிய குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சுகவாசதலத்திலும், மறு பிரிவினரை நெருக்கடியான அவர்களது சொந்த வீடுகளிலேயும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகினர். வீட்டில் இருந்தோரின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது.

என் தந்தையார் எங்களை விட்டுப் பிரியாமல், வீட்டிலிருந்தபடியே ஊசிக்குச் சென்றுவர முடிந்ததன் பின்னால் சென்னையின் அந்தப் பெயரறியாத ஏழை நோயாளிகள் இருக்கிறார்கள். 2009இல் நான் எழுதிய எட்டுப் பத்தித் தலைப்பில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

ஒரு மனிதர், மூன்று கிளைகள்

மருந்து குணமாக்கியது, ஆனால் அது கலத்துக்குள் எதைப் பிடித்து நிறுத்துகிறது என்பதை எவராலும் பார்க்க முடியவில்லை. ரைபோசோமின் நுட்பமான உறுப்புகள் எந்த ஒளி நுணுக்குக்காட்டிக்கும் அகப்படாதவை. பார்ப்பதற்கான வழி எக்ஸ் கதிர்கள். ஒரு பொருளைப் பளிங்காக்கி, அதன்மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால், கதிர்கள் சிதறிப் புள்ளிக்கோலமொன்றை உண்டாக்கும். அந்தக் கோலத்திலிருந்து கணிதத்தின் துணையோடு அணுக்களின் இடங்களைக் கணித்துவிடலாம்.

உப்புக்கும் வைரத்துக்கும் பயன்பட்ட இந்த முறையைப் புரதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அயர்லாந்தில் பிறந்த ஜே.டி. பேர்னால். புரதப் பளிங்கை உலரவிடாமல் அதன் திரவத்தோடே வைத்துப் படமெடுக்கவேண்டும் என்பதை 1934இல் அவரும் டொரதி குரோபூட்டும் காட்டினர். நான் தேடிய மூன்று கிளைகளும் இவரிடமே சென்று முடிந்தன.

முதற் கிளை சென்னை. சர் சி.வி. இராமனின் மாணவரான ஜி.என். இராமச்சந்திரன் 1952இல், முப்பது வயதை எட்டும் முன்பே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் துறைத் தலைவரானார். அக்காலத்தில் அங்கு வருகை தந்த பேர்னால், தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜென் என்ற புரதத்தின் அமைப்பு இன்னமும் சரிவர அறியப்படவில்லை என்று பேச்சினிடையே குறிப்பிட்டார். இராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். சென்னையிலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காருவின் வால் தசைநார் மாதிரி கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் அமைப்பை 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். 1963இல் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன், புரத இழை எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்க முடியாது என்று காட்டும் வரைபடத்தை வெளியிட்டார். இந்தச் சி. இராமகிருஷ்ணன் வேறு, நோபல் பரிசு பெற்ற இராமகிருஷ்ணன் வேறு. இன்றும் உலகில் எவர் ஒரு புரதத்தின் கட்டமைப்பை வெளியிட்டாலும், அது சரியானதா என்று உரைத்துப் பார்க்கும் உரைகல் இராமச்சந்திரன் வரைபடமே. ரைபோசோமின் புரதங்களும் அந்தச் சோதனைக்கு உட்பட்டவையே. இராமச்சந்திரன் 2001இல் சென்னையில் காலமானார். அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை.

இரண்டாம் கிளை கண்டி. காலியில் 1923இல் பிறந்த சிறில் பொன்னம்பெரும, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948இல் மெய்யியலில் கலைப்பட்டம் பெற்றவர். பின்னர் இலண்டன் சென்று, பேர்னால் பேராசிரியராக இருந்த பேர்பெக் கல்லூரியில் இரசாயனம் படித்து 1959இல் பட்டம் பெற்றார். உயிர் எவ்வாறு தோன்றியது என்ற கேள்வி பேர்னாலையும் ஆட்கொண்டிருந்த கேள்வி. மாணவரை அது வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 1962இல் கலிபோர்னியாவின் பேர்க்லியில் மெல்வின் கல்வினிடம் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1963இல் அவரும் சக ஆய்வாளரும், ஆதிப் பூமியின் வளிமண்டலத்தை ஒத்த மெதேன், அமோனியா, நீர் ஆகியவற்றின் கலவைமீது இலத்திரன் கற்றையைச் செலுத்தி, டி.என்.ஏ.யிலும் ஆர்.என்.ஏ.யிலும் உள்ள நான்கு எழுத்துகளுள் ஒன்றான அடனின் உண்டாவதைக் காட்டினர். இந்த அடனின் என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். நாசாவிலும் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய அவர், 1984இல் இலங்கை அடிப்படை ஆய்வுகள் நிறுவகத்தின் பணிப்பாளரானார். 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான அந்நிறுவகமே இன்று ஹந்தானை வீதியில் இருக்கிறது. நான் பேராதனையில் படித்த காலத்தில் அந்தப் பக்கமாகப் பலமுறை நடந்திருக்கிறேன். கலைப்பட்டதாரி ஒருவர் அங்கே உயிரின் தோற்றத்தை ஆராயும் நிறுவகத்துக்குத் தலைமை தாங்கினார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் கிளை கேம்பிரிட்ஜ். 1936இல் வியன்னாவிலிருந்து பேர்னாலிடம் மாணவராக வந்தவர் மக்ஸ் பெரூட்ஸ். குருதியின் ஈமோகுளோபினை விடுவிக்க அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் செலவிட்டார். அவரது சிறு ஆய்வுப்பிரிவே வளர்ந்து 1962இல் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடமாகியது. டி.என்.ஏ.யின் புகழ்பெற்ற எக்ஸ் கதிர்ப் படத்துக்குரிய ரொசலிண்ட் பிராங்ளின், 1953 முதல் 1958இல் மறையும் வரை பேர்பெக்கில் பேர்னாலின் துறையிலேயே புகையிலை வைரசின் ஆர்.என்.ஏ.யை ஆராய்ந்தார். அவரோடு பணிபுரிந்த ஆரன் குளுக் பின்னர் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்துக்குச் சென்று அதன் பணிப்பாளராகவும் ஆனார். இந்த ஆய்வுகூடத்துக்குப் பணம் கொடுத்து வந்தது யார் என்று கேட்டால், ஸ்ட்ரெப்டோமைசினைப் பரிசோதித்த, சென்னைக் காசநோய் மையத்தைத் தொடங்க உதவிய அதே பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபைதான்.

இருபது ஆண்டுப் போட்டி

ரைபோசோமைப் பளிங்காக்கவே முடியாது என்பது எழுபதுகளில் பொதுவான கருத்து. அத்தனை பெரிய, நெகிழ்ச்சியான, ஒழுங்கற்ற பொருள் எவ்வாறு அணிவகுத்து நிற்கும்? ஜெருசலேமில் வறிய குடும்பமொன்றில் பிறந்த அடா யோனத் அதை நம்பவில்லை. சைக்கிள் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தபோது, குளிர்கால உறக்கத்திலிருக்கும் கரடியின் கலங்களில் ரைபோசோம்கள் ஒழுங்காக அடுக்கப்படுகின்றன என்று வாசித்ததே தமக்கு நம்பிக்கையூட்டியதாக அவர் கூறியிருக்கிறார். வெந்நீரில் வாழும் பக்டீரியாவைத் தேர்ந்தெடுத்து, 1980இல் பேர்லினில் முதற் பளிங்கைப் பெற்றார். பிறகு சாக்கடலின் உவர்நீரில் வாழும் நுண்ணுயிரைப் பயன்படுத்தினார். எக்ஸ் கதிர் பட்டதும் பளிங்குகள் சிதைந்தன. திரவ நைதரசனில் ஆழக் குளிராக்கி அந்தச் சிக்கலையும் தீர்த்தார். அணுக்கள் தெரியும் படம் வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன.

இராமகிருஷ்ணன் இத்துறைக்குச் சுற்றுவழியாகவே வந்தவர். பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னர், மீண்டும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். யேல் பல்கலைக்கழகத்தில் பீற்றர் மூரிடம் 30எஸ் துண்டின் புரதங்கள் எங்கெங்கே உள்ளன என்று நியூத்திரன் கதிர்களால் அளந்தார். ஏறத்தாழ ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விரிவுரையாளர் பதவி கேட்டு விண்ணப்பித்தும் இடம் கிடைக்கவில்லை. புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். இடையில் ஓர் ஆண்டு விடுப்பில் கேம்பிரிட்ஜ் சென்று, நாற்பதை எட்டும் வயதில் பளிங்கியலைக் கற்றார். 1999இல், குறைந்த ஊதியத்தையும் ஏற்றுக்கொண்டு, அங்கேயே சேர்ந்தார். ஆண்டுதோறும் முடிவு காட்டும்படி நெருக்காமல் ஒரு கடினமான வேலையைச் செய்யவிடும் இடம் அது என்பதே காரணம்.

2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் யேலின் தோமஸ் ஸ்ரைட்ஸ், பீற்றர் மூர் குழுவினர் 50எஸ் துண்டின் அணுப்படத்தை வெளியிட்டனர். செப்டெம்பரில் இராமகிருஷ்ணன் குழுவும் யோனத் குழுவும் 30எஸ் துண்டின் படங்களைத் தனித்தனியே வெளியிட்டன. இருபது ஆண்டுகள் பூட்டிக்கிடந்த கதவு இரண்டே மாதங்களில் மூன்று பக்கத்தாலும் திறந்தது.

இரண்டு அடனின்கள்

படம் கிடைத்ததும் இராமகிருஷ்ணன் குழுவினர் அதனுடன் நுண்ணுயிர்கொல்லி மருந்துகளையும் சேர்த்துப் பார்த்தனர். என் மகள் காட்டிய படம் அதே ஆண்டின் அந்த ஆய்வில் உருவானது. 30எஸ் துண்டில், பிரதியைப் படிக்கும் இடத்தருகே இரண்டு அடனின்கள் உள்ளன. பிரதியின் மூன்றெழுத்துச் சொல்லும், அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் மூலக்கூறும் சரியாகப் பொருந்தினால், இந்த இரண்டு அடனின்களும் வெளியே புரண்டு வந்து அப்பொருத்தத்தைத் தடவிப் பார்க்கின்றன. துணிக்கடையில் அனுபவமுள்ள ஒருவர் விரல் நுனியால் இழையைத் தடவி அசலா போலியா என்று சொல்வதைப் போன்றது. சரியென்றால் வேலை நடக்கும். இல்லையேல் வந்தது திருப்பி அனுப்பப்படும்.

ஸ்ட்ரெப்டோமைசின் அந்த இடத்துக்கு அண்மையில் புகுந்து, ஆர்.என்.ஏ.யின் பல பகுதிகளையும் ஒரு புரதத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. பரிசோதகரின் கை, எதையும் ஏற்றுக்கொள்ளும் நிலைக்குச் சாய்ந்துவிடுகிறது. தவறான அமினோ அமிலங்கள் உள்ளே வருகின்றன. பக்டீரியாவின் புரதங்கள் கெட்டு, அது மடிகிறது. காசநோய்க்குக் கொடுக்கப்படும் வேறு மருந்துகளும் இந்த இயந்திர வரிசையையே தாக்குகின்றன என்பதை மகள் விளக்கினாள். றிபம்பிசின் ஆர்.என்.ஏ. பொலிமரேசின் வாயை அடைக்கிறது. அந்தக் காட்சியை 2001இல் கண்டார்கள். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கொடுக்கப்படும் குயினொலோன் வகை மருந்துகள், டி.என்.ஏ.யின் முறுக்கைத் தளர்த்தும் இயந்திரத்தைப் பிடிக்கின்றன.

காது? நமது கலங்களின் பெரிய ரைபோசோம்கள் பக்டீரியாவினுடையவற்றிலிருந்து வேறுபட்டவை. அதனாலேயே இம்மருந்துகள் கிருமியைக் கொன்று நம்மை விட்டுவைக்கின்றன. ஆனால் கலத்துக்குச் சக்தி வழங்கும் இழைமணிகள், கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதைக் கலத்துக்குள் குடிபுகுந்த பக்டீரியாக்களின் வழித்தோன்றல்கள். அவற்றுக்குத் தனி ரைபோசோம்கள் உண்டு. அவை பக்டீரியாவின் சாயலை இன்னும் வைத்திருக்கின்றன. உட்காதில் ஒலியையும் உடலின் சமநிலையையும் உணரும் நுண்மயிர்க் கலங்களுக்குள் இம்மருந்துகள் புகுந்து தங்கிவிடும்போது, இந்தச் சாயலே வினையாக முடிகிறது. சிலருக்கு இழைமணி ஆர்.என்.ஏ.யின் 1555ஆம் இடத்தில் அடனினுக்குப் பதில் குவானின் இருக்கும். ஓர் எழுத்து மாற்றந்தான். அது பக்டீரியாவின் வடிவத்தை மேலும் நெருங்கிவிடுகிறது. இத்தகையோருக்குச் சில ஊசிகளிலேயே காது போய்விடலாம் என்பது 1993இல் கண்டறியப்பட்டது. அந்த மாற்றம் தாய்வழியே மட்டும் வருவது. அது இல்லாதவர்களுக்கும், நாள்தோறும் நெடுங்காலம் ஊசி போட்டால், தள்ளாட்டமும் செவிப்புலன் குறைவும் நேரலாம்.

கிருமி என்று எண்ணி மருந்து தாக்கியது அப்பாவின் உடலில் எஞ்சியிருந்த ஒரு தொன்மையான உறவை. இதைக் கேட்டபோது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. அப்பாவிடம் சொல்ல விரும்பினேன். உயிருடன் இருந்திருந்தால், உரத்துச் சொல்லவேண்டியிருந்திருக்கும்.

ஹந்தானையிலிருந்து ஒரு கேள்வி

ஸ்ரைட்ஸ் குழுவின் படத்தில் மற்றொரு வியப்பும் இருந்தது. அமினோ அமிலங்கள் இணைக்கப்படும் அந்த மையத்தில் புரதமே இல்லை, ஆர்.என்.ஏ. மட்டுமே இருந்தது. புரதம் செய்யும் தொழிற்சாலையின் முதன்மை எந்திரம் புரதத்தால் ஆனதல்ல என்றால், புரதங்கள் வருமுன்பே ஆர்.என்.ஏ. தனித்து வேலை செய்த ஒரு காலம் இருந்திருக்கவேண்டும். பொன்னம்பெரும வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்விக்கு, ஒவ்வோர் உயிர்க்கலத்துக்குள்ளும் அப்படியொரு சான்று அழியாமல் காத்திருந்திருக்கிறது. அதைக் காண அவர் இருக்கவில்லை. 1994 டிசெம்பரில் அவர் மறைந்தார். அவர் ஆதிப் பூமியின் வாயுக்களிலிருந்து உண்டாக்கிக் காட்டிய அதே அடனின்தான், ரைபோசோமின் நடுவில் நின்று சரியையும் பிழையையும் தடவிப் பார்க்கிறது.

இப்போது 2009இன் அந்தத் தலைப்பை மீண்டும் எழுதச் சொன்னால் என்ன எழுதுவேன் என்று யோசிக்கிறேன். சிதம்பரத்தில் பிறந்தவர் என்பது உண்மை. அதில் மகிழ்வதும் தவறல்ல. ஆனால் சென்னைக்கு வந்த ஒரு விருந்தினரின் பேச்சைக் கவனமாகக் கேட்ட ஒருவர், தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்துதவிய ஒரு தசைநார், மெய்யியல் படித்தவரை இரசாயனத்துக்கு அனுமதித்த ஒரு கல்லூரி, வேலை கிடைக்காத ஒருவரைப் பொறுமையோடு வைத்திருந்த ஆய்வுகூடங்கள், சேத்துப்பட்டின் ஏழை நோயாளிகள் ஆகிய இத்தனையும் சேர்ந்தே அந்தப் படம் உருவாகியது. பிறந்த ஊரைப் பெருமையாகப் பேசும் நாம், ஓர் இளைஞரை இருபது ஆண்டுகள் ஒரே கேள்வியோடு இருக்கவிடும் இடங்களை நம் ஊரில் எத்தனை வைத்திருக்கிறோம்? பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022ஐயும் அதற்குப் பின்னரான ஆண்டுகளையும் கண்ட ஒரு தந்தையாக, மகளின் கடவுச்சீட்டு எந்த மாதம் முடிவடைகிறது என்பது எனக்கு மனப்பாடமாகத் தெரியும் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் படத்தைப் பார்க்க அவள் எங்கும் போகவேண்டியிருக்கவில்லை. 1971இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கியில் எல்லா அமைப்புகளும் இலவசமாக எவருக்கும் திறந்திருக்கின்றன. ஐம்பதினாயிரம் அணுக்களின் இருப்பிடங்களை, மகாவலி வளைந்தோடும் இந்தப் பல்லேகலயில், ஒரு கணக்கப்பிள்ளையின் பேத்தி திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். அன்று மாலை விடுதிக்குப் புறப்படும்போது, ஹந்தானை நிறுவகத்தில் பயிற்சிக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னாள். பேருந்துத் தரிப்பிடம் வரை கூடச் சென்றேன். வீதியில் வாகனங்களின் இரைச்சல். அவள் ஏதோ சொன்னாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "உரத்துச் சொல்லம்மா" என்றேன்.